வலிப்பும் விசரும் ஒன்றல்ல

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, பாடசாலை மாணவி ஒருத்தி அப்பியாசக் கொப்பித் தாளிலே எழுதியனுப்பியது. "எங்கள் நாய்க்கு மூன்று வயது. இந்த இரண்டு மாதத்துள் இருமுறை திடீரென்று விழுந்து கால்களை உதறிற்று; வாயில் நுரை தள்ளிற்று. அதற்கு விசர் பிடித்துவிட்டதென்று அயலவர்கள் சொல்கிறார்கள். இன்னொரு முறை வந்தால் அதனை இல்லாமற் செய்துவிடப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். நான் என்ன செய்யவேண்டும்?" என்று அப்பிள்ளை கேட்டிருந்தாள்.

அக்கடிதத்தை நாம் இரண்டு முறை வாசித்தோம். அதே வார்த்தைகள் எமது வீட்டுப் படலையடியிலும் ஒருநாள் ஒலித்தவையே. ஆதலின், இக்கிழமை எழுத எண்ணியிருந்த விடயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, அப்பிள்ளைக்கும் அவளுடைய தகப்பனாருக்கும் மறுமொழி கூற முற்படுகின்றோம்.

எமது இல்லத்தில் வீமன் என்றொரு நாய் உண்டு. உடல்தான் பெயருக்கு ஏற்றது. குணமோ பசுவின் குணம். அதற்கு மூன்று வயதாயிருந்த காலத்தில், ஒருநாள் விடியற்காலை நான்கு மணியளவில், விறாந்தையில் ஏதோ அடிபடும் ஓசை கேட்டு எழுந்தோம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், வீமன் ஒருபக்கமாகச் சாய்ந்து, கழுத்து விறைத்து, நான்கு கால்களும் நீந்துவது போல் அடித்துக் கொள்ளக் கிடந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் எம்மைப் பார்க்கவில்லை. வாயில் நுரை, கீழே சிறுநீர். பெயர் சொல்லி அழைத்தோம், பயனில்லை.

அந்த வேளையில் எமது வீட்டார் செய்தவற்றுள் ஒன்றேனும் சரியானதன்று. ஆச்சி திறப்புக் கோவையை எடுத்துவந்து நாயின் காலிடுக்கில் வைக்க முயன்றார். எமது துணைவியார் முகத்தில் தண்ணீர் தெளித்தார். நாமோ, நாக்கு உள்ளே போய்விடும் என்று பயந்து, வாய்க்குள் விரலை விட்டோம். பல் ஆழப் பதிந்தது. சத்தங் கேட்டு வேலியருகே வந்த அயல் வீட்டுப் பெரியவர், "தம்பி, இது விசர்! பிள்ளையளைக் கிட்ட விடாதையுங்கோ, ஒரு பொல்லை எடுங்கோ" என்றார். அவர் கெட்டவரல்லர். பிள்ளைகள்மீது கொண்ட அன்பினாலேயே அவ்வாறு கூறினார்.

பொல்லை எடுப்பதற்கிடையில் வீமன் தானாகவே அடங்கிற்று. அரைமணி நேரம் சென்றிருக்கும் என்றே நாம் எண்ணினோம். ஒன்றும் பேசாமல் கதவோரம் நின்ற மூத்த மகள், "ஒன்றரை நிமிடம், அப்பா. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள். அவ்வீட்டில் அன்று பயனுள்ள காரியம் செய்தவள் அவள் ஒருத்தியே என்பதை மிருக வைத்தியரிடம் சென்றபின்னர்தான் அறிந்தோம். கடிபட்ட விரலைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குச் சென்று அங்கு கூறியபடி ஊசியும் ஏற்றிக்கொண்டோம். வீமனுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டிருந்தது என்பது உண்மையே. ஆயினும் நாய்க்கடி விடயத்தில் தானே தீர்ப்பளித்துக் கொள்ளுதல் எவருக்கும் தகாது.

அயலவரின் அச்சத்தை நாம் இகழவில்லை. விசர்நோய் எமது நாட்டில் இன்னும் அற்றுப்போகாத கொடிய நோய். விசர் கண்ட நாய்க்கும் வலிப்பு வருதல் உண்டு. ஆயினும் இரண்டிற்கும் உள்ள பெரிய வேற்றுமையை வைத்தியர் எமக்கு விளக்கினார். வலிப்புநோய் உள்ள நாய், வலிப்பு நீங்கிச் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாட்களில், முன்போலவே ஆகிவிடும். உண்ணும், விளையாடும், எசமானை அறியும். விசர்கண்ட நாயோ மீள்வதில்லை. அதன் குணம் மாறும், குரல் மாறும், தாடை தொங்கும், விழுங்க முடியாது எச்சில் வடியும், கால்கள் சோரும். அறிகுறி தோன்றிப் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும். எனவே, தடுப்பூசி போடப்படாத நாயோ தெருநாயோ வலிப்புற்றுக் கிடப்பின், அதனைத் தொடாது விலகிநின்று மிருக வைத்தியருக்கு அறிவித்தலே முறை. தடுப்பூசி ஒழுங்காகப் பெற்ற வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தவுடன் பொல்லைத் தேடுதல் முறையன்று.

அங்ஙனமாயின் வலிப்பு என்பது யாது? மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் சிறு மின்துடிப்புக்களாலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அப்பேச்சு ஒழுங்கு தவறி, எண்ணிறந்த கலங்கள் ஒரே கணத்திற் கூச்சலிடத் தொடங்கினால், உடல் தன்வசமிழந்து துடிக்கின்றது. இதிலே பேயுமில்லை, கண்ணூறுமில்லை. கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, ஏறக்குறைய 2400 ஆண்டுகளுக்கு முன்னரே, இந்நோய் தெய்வ கோபத்தால் வருவதன்று, மூளையிலிருந்தே வருவது என வாதிட்டது. அதற்குச் சான்றாக அந்நூல் வலிப்புற்ற ஆடுகளின் மூளையைத் திறந்து பார்க்கும்படி கூறுகின்றது. மிருகத்தைக் கொண்டு மனிதரின் மூடநம்பிக்கையைத் தீர்க்க முயன்ற அவ்வறிஞரின் துணிவு வியத்தற்குரியது.

வலிப்பு வரும் ஒவ்வொரு நாய்க்கும் வலிப்புநோய் உண்டெனக் கொள்ளலாகாது. குட்டிகளுக்கு இரத்தத்திற் சீனி குறைவதாலும், ஈரல் பழுதாலும், தலையில் அடிபடுவதாலும், டிஸ்டெம்பர் என்னும் தொற்று நோயாலும், வயதான நாய்களுக்கு மூளையிற் கட்டி வளர்வதாலும் வலிப்பு வரலாம். நஞ்சும் ஒரு காரணம். தோட்டத்திற்கு அடிக்கும் பூச்சிகொல்லி, நத்தைக்கு வைக்கும் மருந்து என்பவற்றோடு, எமது வீடுகளில் எவரும் ஐயுறாத பொருளொன்றும் இதிற் சேரும். அது சுவாமியறையிலுள்ள கற்பூரம். நாய் அதனைத் தின்றால் வலிப்பு வரக்கூடும். இக்காரணங்கள் ஒன்றும் காணப்படாது, ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையே வலிப்புத் தொடங்கி மீண்டும் மீண்டும் வருமாயின், அது பெரும்பாலும் பிறவிப் போக்கான வலிப்புநோய். அல்சேஷன், லாப்ரடோர், பீகிள் முதலிய சாதிகளில் அது பரம்பரையாகவும் தொடரும். அத்தகைய நாயைக் குட்டி ஈனவிடாதிருத்தல் நன்று.

இனி, வலிப்பு வந்த வேளையில் வீட்டார் செய்யவேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, மணிக்கூட்டைப் பாருங்கள். இரண்டாவது, கதிரை மேசைகளை அப்புறப்படுத்துங்கள். படிக்கட்டின் ஓரத்திலோ கிணற்றடியிலோ கிடந்தால் அது உருண்டு விழாமற் காத்துக் கொள்ளுங்கள். வாயருகே கை கொண்டுபோக வேண்டாம். நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை. கால்களை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம், தண்ணீர் புகட்டவும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். விளக்கைக் குறைத்து, வானொலியை நிறுத்தி, பிள்ளைகளையும் மற்றை நாய்களையும் அகற்றிவிடுங்கள். ஒருவர் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்தால், வைத்தியருக்கு அது நூறு வார்த்தைகளிலும் மேலான உதவியாகும்.

பெரும்பாலான வலிப்புக்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கும். ஐந்து நிமிடத்தைக் கடந்தாலும், ஒன்று தெளியுமுன் மற்றொன்று வந்தாலும், ஒருநாளுக்குள் இரண்டு முறை வந்தாலும், சிறிதும் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுதல் வேண்டும். நீடித்த வலிப்பு உடலைக் கொதிக்கச் செய்து மூளையைக் கெடுக்கும். செல்லும் வழியில் ஈரத்துணியால் உடலைத் தணிப்பது நலம். அடங்கிய பின்னரும் நாய் சில வேளை கண் தெரியாததுபோற் சுவரில் முட்டும், ஓயாது நடக்கும், பெரும்பசி கொண்டு அலையும், எம்மையே அறியாது உறுமும். அது வன்மமன்று, மயக்கம். சற்று விலகியிருந்து தாழ்ந்த குரலிற் பேசுங்கள். நன்றாக எழுந்து நிற்கத் தொடங்கிய பின்னர் தண்ணீர் வையுங்கள்.

இவ்வளவும் சில நிமிட வேலையே. மெய்யான பொறுப்பு வலிப்பில்லாத நாட்களிலேதான் இருக்கின்றது என்பதை நாம் ஒரு பிழை செய்து கற்றுக்கொண்டோம்.

வீமனுக்கு அடுத்த நான்கு மாதத்துள் மேலும் இருமுறை வலிப்பு வந்தது. ஆறு மாதத்துள் இரண்டு அல்லது அதற்கு மேல் வருமாயின் மருந்து தொடங்குதல் தகும் என்பது மிருக வைத்தியர்கள் கொண்டுள்ள நெறி. எமது வைத்தியர் பீனோபார்பிற்றோன் என்னும் குளிசையைக் காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியிற் கொடுக்கும்படி எழுதித் தந்தார். மனிதரின் வலிப்புக்கு 1912 ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பழைய மருந்து அது. முதற் சில வாரங்கள் வீமன் தள்ளாடிற்று, ஓயாது தூங்கிற்று, பசியும் தாகமும் மிகுந்தன. பின்னர் பழகிக்கொண்டது. மருந்தின் அளவையும் ஈரலின் நிலையையும் அறிய இடையிடையே இரத்தப் பரிசோதனையும் நடந்தது.

எட்டு மாதங்கள் வலிப்பே இல்லை. குளிசைக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவு சிறிதன்று. அம்மாதம் வீட்டிலே வேறு செலவுகளும் சேர்ந்துகொண்டன. "நோய் தீர்ந்துவிட்டது, இனி எதற்கு?" என்று, ஒருவரையும் கேளாமல், நாமே குளிசையை நிறுத்திவிட்டோம். மூன்றாம் நாள் இரவு வீமனுக்கு அடுத்தடுத்து நான்கு வலிப்புக்கள் வந்தன. நான்காவது அடங்கவேயில்லை. வாடகை வண்டி பிடித்து, நாயைச் சாக்கிலே கிடத்தி, நள்ளிரவில் வைத்தியரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் ஊசி ஏற்றி அதனைக் காப்பாற்றிய பின்னர், எம்மைக் கடிந்துகொள்ளாமல் ஒன்று கூறினார்: "குளிசை உங்கட நோயைத் துரத்தேல்லை, ஐயா, படலையிலை மறிச்சு வைச்சிருந்தது. காவல்காரனை நீங்களே அனுப்பிப் போட்டியள்."

வண்டியிலே நாயின் தலையை மடியில் வைத்திருந்த மகள் அன்றிரவு எம்முடன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாட் காலையில் அவள் ஒரு கொப்பியைத் திறந்து, தேதி, நேரம், குளிசை, வலிப்பு எனக் கோடிட்டுக் கொண்டாள். அன்று முதல் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குளிசை கொடுப்பவள் அவளே. எமக்கு அப்பொறுப்பை அவள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. அதில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகின்றோம்.

எனவே நேயர்களே, மருந்தின் அளவைக் குறைப்பதாயினும் நிறுத்துவதாயினும் வைத்தியர் சொற்படி படிப்படியாகவே செய்தல் வேண்டும். வேறு சில நாய்களுக்குப் பொற்றாசியம் புரோமைட்டு என்னும் மருந்து கொடுக்கப்படும். 1857 இல் இலண்டன் வைத்தியர் சார்ல்ஸ் லொக்கொக் மனித வலிப்புக்குப் பயனுள்ளதென எடுத்துரைத்த மருந்து இது. இதனை உண்ணும் நாய்க்கு உணவிலுள்ள உப்பு ஒரே அளவாக இருத்தல் வேண்டும். உப்பு மிகுந்தால் மருந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். பிள்ளைகள் அன்போடு போடும் ஒரு துண்டுக் கருவாடே வலிப்பை வரவழைக்கக் கூடும். மனிதருக்குரிய எந்தக் குளிசையையும் வைத்தியரைக் கேளாமல் நாய்க்குக் கொடுத்தலாகாது.

எல்லா நாய்களும் குணப்படும் என்று நாம் பொய்யுரைக்க மாட்டோம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு மருந்தினாலும் வலிப்பு முற்றாக அடங்குவதில்லை. வலிப்பு ஓயாது வந்து, வாழ்வே வேதனையாகும் நிலையும் சில நாய்களுக்கு நேரிடும். அப்போது நோவின்றி உயிரை விடுவிப்பது பற்றி வைத்தியரோடு அமைதியாகப் பேசித் தீர்மானித்தல் பாவமன்று. ஆனால் அத்தீர்மானம் நோயைக் கண்டு எடுக்கப்பட வேண்டுமேயன்றி, நுரையைக் கண்ட அச்சத்தினால் எடுக்கப்படலாகாது.

மாணவர்களுக்கு இன்னுமொரு வார்த்தை. உங்கள் வகுப்பிலும் வலிப்புள்ள பிள்ளையொன்று இருக்கலாம். அப்பிள்ளை விழும்போது திறப்பைத் தேடி ஓடாதீர்கள். வாய்க்குள் எதனையும் திணிக்காதீர்கள். சுற்றியுள்ளவற்றை அகற்றி, தலைக்கடியில் மெத்தென்ற ஒன்றை வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒருபக்கமாகச் சரித்துவிடுங்கள். நேரத்தைப் பார்த்து ஆசிரியரை அழையுங்கள். ஐந்து நிமிடத்தைக் கடந்தால் வைத்தியசாலைக்கே கொண்டு செல்லவேண்டும். கண்விழித்ததும் சிரிக்காமல், முறைத்துப் பாராமல், பக்கத்தில் இருங்கள். வீமனால் எமது வீட்டார் கற்ற பாடங்களுள் சிறந்தது இதுவே.

எமக்குக் கடிதம் எழுதிய பிள்ளையே, உன் நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையைத் தேடி எடு. இரண்டு வலிப்பும் வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம் என்பவற்றை நினைவுள்ளவரை ஒரு கொப்பியில் எழுது. தகப்பனாரோடு சேர்ந்து நாயை மிருக வைத்தியரிடம் கொண்டுபோ. அவர் வேண்டுமெனக் கருதினால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து வைத்தியசாலைக்கும் வழிகாட்டுவார். உன் அப்பாவிடம் இப்பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல். அவரைக் கோபிக்காதே; அவர் அஞ்சுவது உன்பொருட்டே. நாமும் அன்று பொல்லைத் தேடிக் கண்ணை ஓட்டியவர்களே. இவ்வரிகளை எழுதும் வேளையிலும் வீமன் எமது கதிரைக் காலடியிற் படுத்திருக்கின்றது. மணி ஆறாகப் போகின்றது. கொப்பியுடன் மகள் வருகின்றாள்.