கன்னிகாதானமும் இங்கிலீஷ் கலியாணமும்

சென்ற மாதம் தூத்துக்குடியில் ஒரு தோழர் தம் மகளின் கலியாணப் பத்திரிகையை என் கையில் கொடுத்தார். முழுவதும் இங்கிலீஷ். "ஐயா, நம் வீட்டில் புரோகிதன் இல்லை, மந்திரம் இல்லை, எல்லாம் வெட்டிங், ரிசப்ஷன்தான், இதற்குமேல் என்ன சீர்திருத்தம் வேண்டும்?" என்று பெருமையோடு கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. உப்பளத்துக் கணக்கு எழுதிக்கொண்டே, ஒரு பழைய அகராதியை வைத்து இங்கிலீஷ் கற்றவன். ஆகையால் வீட்டுக்கு வந்ததும் அந்த அகராதியைத்தான் புரட்டினேன்.

வெட்டிங் என்பதற்கு மூலமான பழைய சொல்லுக்குப் பிணையம் என்று அர்த்தம். ஹஸ்பெண்ட் என்றால் வீட்டுக்கு எஜமான். வைஃப் என்றால் ஆதியில் வெறும் பெண்பிள்ளை. ஆகக் கலியாணத்தன்று அவன் எஜமானாக உயருகிறான், அவளோ நின்ற இடத்திலேயே நிற்கிறாள்! முன்னும் பின்னும் அவன் மிஸ்டர்தான். அவள் மட்டும் மிஸ்ஸாக இருந்து மிஸஸ் ஆகவேண்டும். மணமாகாத பெண்ணுக்கு ஸ்பின்ஸ்டர், அதாவது நூல் நூற்பவள் என்று பேர். இங்கிலாந்துக் கலியாணப் பதிவிலிருந்து இந்தச் சொல் 2005-ல்தான் ஒழிந்தது. பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று பாதிரியார் கேட்பதும், புருஷனுக்குக் கீழ்ப்படிவேன் என்று பெண் சத்தியம் செய்வதும் 1549-ம் வருஷத்து ஜெபப் புத்தகத்திலேயே ஏறிவிட்டன. கீழ்ப்படிதலை விட்டுவிட்ட வாசகம் வர 1928 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சமஸ்கிருதத்தை விட்டு இங்கிலீஷைப் பிடிப்பது, ஒரு எஜமானை விட்டு இன்னொரு எஜமானிடம் போவதன்றி வேறென்ன?

சரி, நம் சொற்களின் யோக்கியதை என்ன? கன்னிகாதானம் என்கிறோம். பசுவைத் தானம் செய்வதுபோல, பூமியைத் தானம் செய்வதுபோல, பெண்ணையும் தண்ணீர் விட்டுத் தாரை வார்க்கிறோம். "அது வடமொழி, நாங்கள் தமிழர்" என்பீர்களானால், பெண் கொடுத்தோம், பெண் எடுத்தோம், கட்டிக் கொடுத்தோம், கரையேற்றினோம் என்பதெல்லாம் எந்த மொழி? இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். சிப்பி வாய் திறந்து பேசாது. பெண்ணுக்கு வாய் இருக்கிறதே!

"வெறும் வார்த்தைதானே, இதற்கு இவ்வளவு சண்டையா?" என்று சிலர் கேட்பார்கள். அந்த வார்த்தையில் பெண்ணின் சோறு இருக்கிறது. கொடுத்துவிட்ட பொருளுக்குக் கொடுத்தவன் வீட்டில் பங்கு ஏது? 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தது. 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுமைக்கும், பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் இன்றும் என்ன நடக்கிறது? "உன்னைத்தான் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி, விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். சட்டம் பங்கு என்கிறது, பாழும் சொல் தானம் என்கிறது. வீட்டுக்குள் ஜெயிப்பது சொல்தான்.

இதற்குத்தான் சுயமரியாதைக்காரர்கள் வாழ்க்கைத்துணை ஒப்பந்தம் என்று பேர் வைத்தார்கள். 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு அத்தகைய கலியாணம் செல்லாது என்றது. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை இந்து விவாகச் சட்டத்தைத் திருத்திச் செல்லும்படி செய்தது. அந்தச் சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். உற்றார் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் பாஷையில், ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். மாலையோ, மோதிரமோ, தாலியோ மாற்றினாலும் கட்டினாலும் சரியே. விளங்கும் பாஷை! புரோகிதனின் மந்திரமும் பெண்ணுக்கு விளங்கவில்லை; நம் தோழர் அச்சடித்த இங்கிலீஷும் அவர் வீட்டுக் கிழவிக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் சம்மதம் எப்படி வரும்?

முத்துக்குளிப்பவன் கடலில் இறங்கும்போது, மேலே கயிற்றைப் பிடிக்கிற வேலையைப் பெண்டாட்டியோடு பிறந்த மச்சானுக்குத்தான் கொடுப்பான் என்று இந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள். தங்கையின் தாலி போய்விடக்கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டானாம். தோழர்களே! கயிற்றைப் பிடித்தது தாலியா, மனிதன் கையா? தங்கைமேல் அத்தனை அக்கறையுள்ள அதே மச்சான், சொத்துப் பங்கு என்று வந்தவுடன் கயிற்றை விட்டுவிடுகிறானே, ஏன்?

ஆகவே அடுத்த கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும் தோழர்கள் கொடுக்கிறோம், எடுக்கிறோம் என்ற வார்த்தைகளை எந்த மொழியிலும் போடவேண்டாம். இன்னாரும் இன்னாரும் வாழ்க்கைத்துணைவராகிறார்கள் என்று பச்சைத் தமிழில் போடுங்கள். போட்டதோடு நிற்காமல், மகளுக்குள்ள பங்கையும் எழுதி வையுங்கள். அதைச் செய்யாதவரை, பத்திரிகை எந்தப் பாஷையில் இருந்தாலும் நடப்பது கன்னிகாதானமே.