விளையாட்டு சொல்லாத சலாஹுத்தீன்

எளாவூர், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலும் நம் பிள்ளைகள் கணினியில் போர் விளையாட்டுகள் ஆடுகின்றனர். 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் (ரஹ்) போர்கள் தனிப் பகுதியாக உள்ளன. ஆடுவோர் அதன் கடுமையைப் பேசுவர். நாம் கவனிக்க வேண்டியது அதன் கதையை. சிறைப்பட்ட சிலுவைப்படை வீரன் ஒருவனே அதைச் சொல்கிறான். சுல்தானை மதிக்கவும் கற்கிறான். ஆகவே இதனை முற்றிலும் வெறுத்தொதுக்கத் தேவையில்லை.

ஆயினும் அதன் மதிப்பெண்ணில் வீழ்த்திய படைக்கு இடமுண்டு, மன்னிப்புக்கு இல்லை. 1187-இல் பைத்துல் முகத்தஸை மீட்ட சுல்தான் பழிக்குப்பழி வாங்கவில்லை. ஆணுக்குப் பத்து, பெண்ணுக்கு ஐந்து தீனார் ஈட்டுத்தொகை பெற்று மக்களை வெளியேறவிட்டார். ஏழைகள் பலரைத் தொகையின்றியே விடுவித்தார்.

பெற்றோரே, விளையாட்டு முடிந்ததும் இந்த மீதிக் கதையைப் பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள்.