ஆற்று நீருக்குச் சாட்சி யார்?

2023 டிசம்பரில் எண்ணூரில் நடந்த இரண்டு சம்பவங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதத் தொடக்கத்தில், மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படிந்து, படகையும் வலையையும் பாழாக்கிற்று. 26-ந் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள்.

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மோனியா மூக்குக்குத் தெரிந்தது. ஆனால், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாத அம்மோனியா, குழாய்க்கு அருகே கடல் நீரில் 49 மில்லிகிராம் இருந்தது என்பதை மூக்கா சொல்லிற்று? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனையல்லவா சொல்லிற்று? ஈயமும் பாதரசமும் நீரில் கரைந்துவிட்டால் கண்ணுக்கும் அகப்படா, மூக்குக்கும் அகப்படா. ஆகவே அளந்தே தீரவேண்டும்.

நிற்க, அளந்தாகிவிட்டது என்று ஒரு காகிதத்தை நீட்டினால் போதுமா? முத்திரை குத்திய காகிதமென்று கும்பிடுவதும், தீர்த்தமென்று வாயில் ஊற்றிக்கொள்வதும் ஒரே குருட்டு நம்பிக்கைதான். கம்பெனிக்காரர் "சுத்தம்" என்றாலும், நம் தோழரே "விஷம்" என்றாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எப்படி அளந்தீர்?

எங்கே, எப்பொழுது எடுத்தீர்? முகத்துவாரத்தில் கடல் ஏறும்போது மொண்டது பெரும்பாலும் கடல் நீரே. வற்றும்போது மொண்டதே ஆற்றின் கதியைச் சொல்லும். கழிவு வந்து விழும் இடத்துக்கு மேலும் கீழும், பல நாள் எடுக்கவேண்டும். ஒரு சீசாவைக் கொண்டு ஓராண்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எதில் எடுத்தீர்? உலோகங்கள் சீசாவின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் திராவகத்தில் கழுவிய பிளாஸ்டிக் சீசாவில் எடுத்து, சிறிது வெடியுப்புத் திராவகம் சேர்க்கவேண்டும். எண்ணெய்க்கோ கண்ணாடிச் சீசாதான் ஆகும். நீரில் கரைந்த பிராணவாயுவை, 1888-ல் ஹங்கேரி தேசத்து இரசாயன சாஸ்திரி விங்க்ளர் கண்ட முறைப்படி, எடுத்த இடத்திலேயே மருந்திட்டு நிறுத்தவேண்டும். சும்மா எடுத்துப்போய் மறுநாள் பார்த்தால் கணக்குப் பொய்யாகிவிடும்.

அளந்தவர் தம்மையே சோதித்துக்கொண்டாரா? மாசற்ற நீர் ஒரு சீசாவும், அளவு தெரிந்த நீர் ஒரு சீசாவும் கூடவே வைத்துச் சோதிக்கவேண்டும். சுத்த நீரில் ஈயம் காட்டுகிற கருவியின் வார்த்தையை யார் நம்புவது? தன் தவறைத் தானே தேடுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

1974-ம் வருஷத்து நீர்மாசுத் தடுப்புச் சட்டம், ஆலைக் கழிவை ஆலைக்காரர் எதிரிலேயே இரு பாகமாக்கி, இரு தரப்பாரும் கையெழுத்திட்டு முத்திரையிட வேண்டுமென்கிறது. நல்ல ஏற்பாடுதான். முதலாளியின் சந்தேகத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்க, காட்டுக்குப்பத்து மீனவர் எதிரிலும் ஆற்று நீரை எடுத்து, ஒரு பாகத்தை அவர் கையிலும் கொடுத்தால் யார் குடி முழுகிப்போகும்?

தோழர்களே! அடுத்த தடவை எவராவது "தண்ணீர் நன்றாயிருக்கிறது" என்று சொன்னால், கும்பிடவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். இடம், நேரம், சீசா, சோதனை நான்கையும் கேளுங்கள். நான்குக்கும் பதில் சொல்ல முடியாதவர் பேச்சு விஞ்ஞானமல்ல, ஜோசியமே.