வாய் திறந்து நிற்கும் கோழி



கொல்லையில் மேயும் நான்கு கோழிகள் ஓர் இல்லத்தரசியின் சிறுவாட்டுப் பணத்திற்கு ஒப்பானவை. முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிய தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கோழி ஒருநாள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தபடி நின்றுவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? 'சளி' என்று முடிவு கட்டி, இஞ்சிச் சாற்றையோ எண்ணெயையோ அதன் வாயில் ஊற்றிவிடுகிறோம்.

நானும் ஒருமுறை அவ்வாறு செய்தவன்தான். ஊற்றிய சற்று நேரத்தில் அக்கோழி என் கையிலேயே துடித்து அடங்கியது. காரணத்தைப் பின்னரே அறிந்தேன். கோழியின் மூச்சுக்குழல் வாசல், நாக்கிற்குச் சற்றுப் பின்னே, வாயின் அடித்தளத்திலேயே திறந்திருக்கிறது. மூச்சுத் திணறும் கோழிக்கு நாம் புகட்டும் மருந்து அவ்வழியே நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். நோயைவிட என் அவசரமே அதைக் கொன்றிருக்க வேண்டும்.

அண்மையில் காட்டுப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட அந்த மண்ணில், வலை உலர்த்தும் இடமே கோழிகளுக்கும் மேய்ச்சல் நிலம். ஒரு மீனவர் வீட்டில் பெட்டைக் கோழியொன்று கழுத்தை உதறி உதறி விழுங்க முயன்றுகொண்டிருந்தது. "சளிதான் பாய், இஞ்சிச் சாறு ஊற்றப் போகிறேன்" என்றார் அந்த அம்மாள். "சற்றுப் பொறுங்கள் அம்மா, முதலில் வாயைப் பார்ப்போம்" என்றேன். வலையிலிருந்து அறுந்த நைலான் இழை நாக்கின் அடியைச் சுற்றி இறுகியிருந்தது. மறுமுனை தொண்டைக்குள் சென்றிருந்தது. இழுத்திருந்தால் உள்ளே கிழிந்திருக்கும். கால்நடை மருத்துவர் அதனை மெல்ல நறுக்கி எடுத்தார். கோழி பிழைத்தது.

ஆகவே, மருந்தைத் தேடுமுன் இடர்ப்பாடு மூச்சிலா, விழுங்குவதிலா என்று பிரித்தறிய வேண்டும். அதற்கு நான்கு சோதனைகள் போதும்.

முதலாவது, வேளையைப் பாருங்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. உச்சி வெயிலில் இறக்கையை விரித்து வாய்திறந்து இரைப்பது இயல்பே. நிழலும் தண்ணீரும் கிடைத்தால் தணிந்துவிடும். குளிர்ந்த காலை வேளையிலும் வாய்திறந்து மூச்சு வாங்கினால் அது நோய்.

இரண்டாவது, விடியற்காலையில் இரை வைக்குமுன் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்தின் அடியில், மார்பின் மேற்புறம் அது இருக்கும். இரவில் நிறைந்திருந்தாலும் காலையில் வெறுமையாக வேண்டும். கல்போல் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தளதளவென்று இருந்து வாயில் புளித்த நாற்றம் வீசினால் இரை உள்ளே கெட்டுவிட்டது. தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்காதீர்கள். அதுவும் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

மூன்றாவது, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பாருங்கள். நூல், முள் இருக்கலாம். மஞ்சள் நிறப் படலம் ஒட்டியிருந்தால் அம்மையாக இருக்கலாம்.

நான்காவது, காதால் கேளுங்கள். இரவில் கூட்டருகே நின்றால் கரகரப்பும் தும்மலும் தெளிவாகக் கேட்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகளிடம் கேட்டால், அது தொற்றுநோய் என்றே கருதுங்கள்.

அத்தொற்றுகளில் கொடியது கோழிக்கழிச்சல். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்ட இந்நோய்க்கு, நம் நாட்டில் குமாவோன் மலையிலுள்ள ராணிகேத் நகரின் பெயரே வழங்குகிறது. மூச்சுத்திணறல், பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்துத் திருகல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. தடுப்பூசியே காப்பு. 1932-இல் இராணிப்பேட்டையில் தொடங்கப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பூசியைத் தயாரித்து வருகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடைப் பராமரிப்புத் துறை முகாம் நடத்தி, எட்டு வாரத்திற்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசமாகவே போடுகிறது. தவறவிடாதீர்கள்.

நோயுற்ற கோழியை உடனே தனியே பிரித்து, நிழலில் வைத்துத் தண்ணீர் வையுங்கள்; அது தானாகக் குடிக்கட்டும். மருத்துவரிடம் காட்டுங்கள். பல கோழிகள் திடீரென மடிந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

இன்னொன்று. 'சாகுமுன் அறுத்துவிடலாம்', 'சந்தையில் தள்ளிவிடலாம்' என்ற எண்ணம் எழும். அறுக்கும் இரத்தமும் பிடுங்கும் இறகும் அண்டை வீட்டுக் கோழிக்கும் நோயைக் கொண்டு செல்லும். குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் தடுத்திருப்பதை நாம் அறிவோம். நம் கொல்லை நட்டம் பிறர் கொல்லைக்குப் போக வேண்டாம்.

வாயில்லாப் பிராணி தன் நோயைச் சொல்லாது. சொல்லாததைக் கண்டறிவதும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுவதேயாகும். நாளைக் காலை கூட்டைத் திறக்கும்போது, ஒவ்வொரு கோழியின் தீனிப்பையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.