நிலத்தில் காசு: கமிஷனா, கைமாற்றா?

டிகிரி முடிந்ததும் ரியல் எஸ்டேட்டில் இறங்கப் போகிறேன் என்று நம்ம பசங்க நிறைய பேர் சொல்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2011-ல் மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. குற்றாலம் சீசன் எப்போதும் இருக்கிறது. மனைக்கு ஆள் தேடி வரத்தான் செய்வார்கள். கேள்வி, எந்த வழியில் இறங்குவது என்பதுதான்.

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்த புரோக்கர் வேலை. இரண்டாவது, நிலத்துக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டு, கெடு முடிவதற்குள் அதிக விலைக்கு வேறு பார்ட்டியைப் பிடித்துக் கைமாற்றி விடுவது. அமெரிக்காவில் இதற்கு ஹோல்சேலிங் என்று பெயர். யூடியூப் பார்த்துவிட்டு இதில்தான் பணம் என்கிறார்கள். சரி, காமர்ஸ் படிக்கிறோம், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

5 சென்ட் மனை, விலை 15 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து கமிஷன் 3 சதவீதம் என்றால் 45,000. நடுவில் மூன்று புரோக்கர் நின்றால் தலைக்கு 15,000. அக்ரிமெண்ட் போட்டவர் 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து 17 லட்சத்துக்கு விற்றால் லாபம் 2 லட்சம். புரோக்கர் பதிமூன்று கிரயம் முடித்தாலும் இதைத் தொட 5,000 குறையும்!

ஆனால் மூன்று மாதக் கெடுவுக்குள் பார்ட்டி கிடைக்கவில்லை என்றால்? பொதுவாக அட்வான்ஸ் போச்சு. மூன்று அக்ரிமெண்ட்டில் ஒன்று மட்டும் முடிந்தால், வந்தது 2 லட்சம், போனது 2 லட்சம். அட்வான்ஸ் பணத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் மூன்றுக்கும் சேர்த்து 18,000 கைக்காசு நஷ்டம். அதே மூன்றில் ஒன்றை முடித்த புரோக்கருக்கு 15,000-ல் பெட்ரோல் செலவு போக மீதி மிச்சம்.

இரண்டில் ஒன்று முடிந்தால் கதையே வேறு. வட்டி போக 88,000 நிற்கும், கமிஷன் பக்கத்தில் கூட வராது. ஆக, எது லாபம் என்பதை முடிவு செய்வது லாப சதவீதம் இல்லை. கெடுவுக்குள் ஆள் பிடிக்க முடியுமா என்பதுதான். அந்த ஆள் பலம் யாரிடம் இருக்கிறது? பத்து வருஷம் புரோக்கராக அலைந்தவரிடம். நேற்று கல்லூரி முடித்தவனிடம் இல்லை.

சட்டமும் சும்மா இல்லை. 1882-ஆம் வருஷ சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் நிலத்தில் உரிமை எதையும் தராது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், வாங்குகிறவர் உங்கள் விலையைப் பார்த்துவிடுவார். நம் பேருக்கே கிரயம் வாங்கி விற்கலாம் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 15 லட்சத்துக்கு 1,35,000 அங்கேயே காலி. பவர் வாங்கி விற்கலாம் என்றால், குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்கு எழுதும் பவருக்கு 2023 ஜூலையிலிருந்து சந்தை மதிப்பில் 1 சதவீதம் கட்டணம். அட்வான்ஸையும் ரொக்கமாக நீட்ட முடியாது. 2015 ஜூன் முதல் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம்.

இன்னொன்றும் உண்டு. கமிஷன் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுகிறோம். மேலே வைத்து விற்கும் அந்த 2 லட்சம் பல சமயம் நிலத்துக்காரருக்குத் தெரியாது. பெண் கல்யாணத்துக்கு அவசரமாக விற்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகையா? அமெரிக்காவிலேயே இல்லினாய்ஸ் மாநிலம் 2019-ல் சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரி கைமாற்றை வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் செய்தால் லைசென்ஸ் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

என் கருத்து இதுதான். கைமாற்றில் வருவது உழைப்புக்குக் கூலி இல்லை, ரிஸ்க்குக்கு விலை. நஷ்டத்தைத் தாங்கப் பணமும் ஆள் பழக்கமும் இருப்பவருக்கு அது லாபம். அம்மா நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவனுக்கு அது சூதாட்டம். முதல் சில வருஷம் கமிஷனுக்கே அலையுங்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் படிப்புக்கு ஃபீஸ் இல்லை, சம்பளம்தான் உண்டு :-)