கேளாமல் வந்த அட்டை



தாம்பரம் மேற்கில் அதிகாலைத் தொழுகையை முடித்து வெளியே வருவோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. ஜி.எஸ்.டி. சாலையோரம் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். உணவுப் பெட்டி கட்டிய இருசக்கர வாகனங்கள் நிற்கும். அவற்றின்மீது சாய்ந்தபடி, கைப்பேசித் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் இளைஞர்கள் நிற்பார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு அந்த வரிசை வண்டலூரையும் தாண்டி நீண்டுவிட்டது. முதலாளி என்று கைகாட்ட ஒருவர் இல்லாத, கைப்பேசிச் செயலியே முதலாளியாகிவிட்ட தொழில் அது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

அவர்களுள் ஒரு தம்பிக்கு நேர்ந்ததைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். விமான நிலையத்திற்கும் சிறுசேரிக்குமாக வாடகைக் கார் ஓட்டுபவர் அவர். எங்கள் தெருக்காரர். ஒருநாள் கையில் ஓர் உறையுடன் வீட்டுக்கு வந்தார்.

“பாய், நான் கேட்கவே இல்லை. இது வந்திருக்கிறது. இப்போது பணம் கட்டு என்கிறார்கள்” என்றார்.

உறைக்குள் பளபளக்கும் ஒரு கடன் அட்டை! அதனுடன், ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு வரி 90 ரூபாய், உரிய நாளில் கட்டாததற்குத் தாமதக் கட்டணம் எனக் கணக்குச் சொல்லும் தாள் ஒன்று. அந்த அட்டையால் அவர் ஒரு தேநீர்கூட வாங்கிக் குடித்ததில்லை.

வாசலில் கேட்ட எண்

நடந்தது இதுதான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அழைப்பு வந்திருக்கிறது. “பெட்ரோலுக்குத் தள்ளுபடி உண்டு, கட்டணமே கிடையாது” என்று மறுமுனையில் ஒரு பெண் கூற, பேச்சை முடித்தால் போதுமென்று இவரும் “சரி, சரி” என்றிருக்கிறார். சில நாட்களில் கூரியர்காரர் வீட்டுக்கு வந்தார். மகன் வெளியே போயிருந்தான். “அம்மா, உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள்” என்று கேட்க, மகனுக்கு ஏதோ அவசரக் கடிதம் போலும் என்று எண்ணிய அந்தத் தாயாரும் சொல்லிவிட்டார். அந்த எண் உறையைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமா, அட்டையை இயக்கி வைப்பதற்குமா என்பதை இன்றுவரை எவரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

அடுத்து அந்தத் தம்பி வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தார். “ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்” என்று இயந்திரக் குரல் கட்டளையிட்டது. கால் மணி நேர இசைக்குப் பின் ஒருவர் வந்து, “இது உங்கள் வண்டி நிறுவனத்தின் மூலம் வந்தது, அங்கே கேளுங்கள்” என்றார். நிறுவனத்தின் செயலியில் முறையிட்டால், “இது வங்கி சார்ந்தது, அங்கே கேளுங்கள்” என்று அச்சடித்தாற்போல் ஒரே பதில். ஓட்டியபடி பேச முடியாது. வண்டியை ஓரங்கட்டினால் சவாரி போய்விடும். மேடவாக்கம் கூட்டுச் சாலையில் நின்று பேசிய ஒரே பிற்பகலில் இரண்டு சவாரிகளை இழந்தார்.

மாதச் சம்பளக்காரருக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு எரிச்சல். இவருக்கோ அது அன்றைய மாலைப் பால் பாக்கெட். இதனாலேயே பலர் “தொலையட்டும்” என்று பணத்தைக் கட்டிவிடுகின்றனர்.

சிறு தொகை, பெரிய குழி

“அறுநூறு ரூபாய்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். கட்டாமல் விட்ட பாக்கி கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறிவிடும். நாளை அவர் சொந்தக் கார் வாங்க முனையும்போதோ, தங்கையின் மேற்படிப்புக்கு உதவி நாடும்போதோ அந்தக் கரும்புள்ளி முன்னால் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய குழி வட்டி. கடன் அட்டைகளில் மாதத்துக்கு 3.5 விழுக்காடு என்பது இன்று சாதாரணம். ஆண்டுக்கு 42 விழுக்காடு! 10,000 ரூபாய் பாக்கிக்கு ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 500 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் 350 ரூபாய் வட்டி. வட்டியின் மீது வரி 63 ரூபாய். அசலில் குறைவது 87 ரூபாய்தான். 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது. ஆகவே அந்த வரம்பும் இன்று இல்லை. வட்டியின் வாடை படாமல் வாழ நினைக்கும் குடும்பத்தின் வாசலுக்கே அது உறைபோட்டு வந்துவிடுகிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

சட்டம் நம் பக்கமே

இங்குதான் பலரும் அறியாத செய்தி இருக்கிறது. 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, கேளாதவருக்குக் கடன் அட்டை வழங்குவது அறவே தடை செய்யப்பட்டுள்ளது. ஒப்புதல் வெளிப்படையாக இருக்க வேண்டும். ‘சம்மதித்திருப்பார்’ என்று ஊகித்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் சொன்ன “சரி, சரி” போதாது.

வெளிப்படையான ஒப்புதலின்றி வழங்கப்பட்டு, இயக்கி வைக்கப்பட்ட அட்டைக்குக் கட்டணம் கேட்டால், வங்கி அதை உடனே நீக்குவதோடு அந்தத் தொகையைப்போல் இரு மடங்கைத் தண்டமாகவும் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். வழங்கி 30 நாட்களுக்கு மேலாகியும் இயக்கப்படாத அட்டைக்கு ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் கேட்க வேண்டும். கிடைக்காவிடில் ஏழு வேலை நாட்களுக்குள் செலவின்றிக் கணக்கை முடித்துவிட வேண்டும். பாக்கி இல்லாதவர் அட்டையை முடிக்கச் சொல்லியும் ஏழு வேலை நாட்களில் முடிக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவருக்குத் தர வேண்டும். “தபாலில்தான் எழுத வேண்டும்” என்று இழுத்தடிக்கவும் கூடாது.

வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நிறைவளிக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த ஏற்பாடு இது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். கேளாத அட்டையால் வீணான நேரத்திற்கும் அலைச்சலுக்கும் மன வேதனைக்கும் உரிய இழப்பீட்டைத் தீர்மானிக்கும் பொறுப்பும் அவருக்கு உண்டு. மேடவாக்கத்தில் போன அந்த இரண்டு சவாரிகளுக்கும் கணக்குக் கேட்க இடமிருக்கிறது என்று பொருள்!

எழுத்தில் இருக்கட்டும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஆயினும் நம்மவர்கள் எழுதுவதில்லை. தொலைபேசியில் பேசுகிறோம், கோபப்படுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். பேச்சு காற்றோடு போய்விடும். தேதியிட்ட ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அப்படிப் போவதில்லை.

அந்தத் தம்பியும் நானும் அன்றிரவு இஷாவுக்குப் பின் அமர்ந்து பத்து வரியில் எழுதினோம். ‘நான் விண்ணப்பிக்கவில்லை, என் ஒப்புதல் இருப்பின் அதன் நகலைத் தருக, கட்டணத்தை நீக்கி, கணக்கை முடித்து, கடன் ஏட்டையும் திருத்துக’ என்பதே சாரம். முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டோம். முப்பது நாட்கள் கடந்தும் பதில் இல்லை. குறைதீர்ப்பாளருக்கு எழுதிய பின்னர்தான் கட்டணம் நீக்கப்பட்டு அட்டை முடிக்கப்பட்டது. இரு மடங்குத் தண்டத்தைக் கேட்டு அவர் இப்போது மீண்டும் எழுதியிருக்கிறார். பணம் வருமோ, வராதோ. “கேட்கத் தெரிந்துகொண்டேன் பாய்” என்றார். அது பெரிய ஆதாயம்.

இத்தொழிலாளர்களுக்கென 2023 டிசம்பரில் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவர்களைத் தொழிலாளர் என்று ஏற்றுப் பேசுகிறது. பதிவு செய்யாத பிள்ளைகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் அட்டைத் தொல்லைக்கு வாரியம் வந்து நிற்கும் என்று காத்திராதீர்கள். அதற்கு நாமேதான் எழுத வேண்டும்.

இறுதியாக, இல்லத்தரசிகளான சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் வந்து எண் கேட்பவரிடம், “யாருக்கு, எங்கிருந்து, என்ன?” என்று கேளுங்கள். “மகன் வந்த பிறகு வாருங்கள்” என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. படித்த பிள்ளைகளே! உங்கள் தெருவில் வண்டி ஓட்டும் ஓர் அண்ணனுக்காக ஓர் இரவு அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பத்து வரியை எழுதிக் கொடுங்கள். அவர் பகலில் இழக்கும் சவாரியை அது மிச்சப்படுத்தும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.