ஏமாந்தவனை எள்ளாதீர்!

“உதவித்தொகை வந்துள்ளது, பெற்றுக்கொள்ள இரகசிய எண்ணை இடுக” என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. விடுதி மாணவன் ஒருவன் நம்பி இடுகிறான்; தாய் அனுப்பிய தேர்வுக் கட்டணம் பறந்துவிடுகிறது. யூபிஐ வழியில் பணம் அனுப்பத்தான் அவ்வெண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இதனை அறிந்தாலே பாதி வலை அறுந்துவிடும்.

ஆனால், ஏமாந்தவனைக் கண்டு நாம் நகைக்கிறோமே, அது முறையா? நகைப்புக்கு அஞ்சி அவன் வாய் மூடுகிறான். அந்த மௌனமே கள்வனுக்குக் காவல்! உடனே 1930 என்னும் எண்ணில் முறையிட்டால், பணம் பல கை மாறுமுன் வங்கியிலேயே தடுத்து நிறுத்த வழியுண்டு. காலம் கடந்தால் மீட்பது அரிது.

ஆகவே, அறைத்தோழன் கலங்கி நின்றால், “எப்படி ஏமாந்தாய்?” என்று கேளாதீர்கள், “எப்பொழுது?” என்று கேளுங்கள்!